ரஞ்சனி அக்காவின் இடது தோள்

என் அக்கா ரஞ்சனியைப் போல ஒரு மோசமான நோயாளியை நான் பார்த்ததில்லை. இனி பார்க்கவும் வேண்டாம்.

மார்கழி பத்தாம் தேதி மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனவள், கொடிக் கம்பியைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். இரண்டு மாதமாகவே தலை சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. விரதம் இருப்பதால்தான் என்று சொல்லி எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நாடி பார்த்தபோது நிமிஷத்துக்கு முப்பத்து நாலுதான் அடித்தது. மறுநாளே இடது காறை எலும்புக்குக் கீழே கீறி, பேஸ்மேக்கரை வைத்துத் தைத்துவிட்டார்கள்.

நான் உப்பிலியபுரத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அரையாண்டு விடுமுறை விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டேன். பத்து நாள் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் தை பதினைந்தாம் தேதி அக்காவின் ஒரே பெண் தேவதர்ஷினிக்குக் கல்யாணம். மண்டபம் எட்டு மாதம் முன்பே பிடித்தாயிற்று. தள்ளிப்போடலாமா என்று கேட்ட என்னை அக்கா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன். அப்புறம் நான் எங்கே கிளம்புவது? பள்ளிக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது லிசி என்கிற நர்ஸ் தெளிவாகத்தான் சொன்னாள். "ஆறு வாரத்துக்கு இடது கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்கம்மா. வெயிட் தூக்காதீங்க. அதுக்காகக் கையை அசைக்காமலும் வெச்சுக்காதீங்க, தோள் இறுகிடும்."

அக்கா தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள். "தூக்கவும் படாது, சும்மா வெச்சுக்கவும் படாதுன்னா அதை என்னதான் பண்றதாம்? கழட்டி அலமாரியில வெக்கறதா?"

அன்றிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

அக்கா ஐம்பத்தேழு வருஷமாக இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தே தூங்கிப் பழகியவள். இப்போது மூன்று தலையணையை முதுகுக்கு வைத்து மல்லாந்து படுக்க வேண்டும். விடிந்ததும் முதல் பேச்சே தூங்காததைப் பற்றித்தான். தலை பின்னிக்கொள்ளக் கை எட்டாது. நான் பின்னினால் இழுக்கிறேன், அவள் கணவர், என் அத்திம்பேர், பின்னினால் அது பின்னலே இல்லை. தையல் போட்ட இடத்தில் அரிக்கும், சொறியக் கூடாது. உள்ளாடைப் பட்டை சரியாக அந்த மேட்டின் மேல்தான் விழும். காரில் முன்சீட்டில் உட்கார்ந்தால் பெல்ட்டும் அங்கேதான் விழும். தோலுக்கடியில் தீப்பெட்டியைச் செருகி வைத்த மாதிரி இருக்கிறது என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள். பத்துத் தடவையும் நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒன்பதாவது தடவை பேசாமல் இருந்ததற்கு, "உனக்கென்ன, உன் தோளா?" என்று கண்ணில் தண்ணீர் விட்டாள். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கோபம்தான் கொஞ்சம் அதிகம்.

இதில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வேறு. வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் பெருமாளைச் சேவித்த கையோடு அடையவளஞ்சான் தெருவுக்கு வந்து அக்காவையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆளுக்கு ஒரு கேள்வி. அதைச் சார்ஜ் போடணுமா? மழையில் நனையலாமா? பேட்டரி நின்றுவிட்டால்? சென்னையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, செல்போன் அடித்ததும், "எல்லாரும் அணைச்சுடுங்கோ, இவளுக்கு நின்னுடப் போறது!" என்று அலறி ஒரு வீட்டையே நடுங்க வைத்தாள்.

"நின்னாத் தேவலை பெரியம்மா. கேள்வியாவது நிக்கும்" என்றாள் அக்கா.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் பொறுமையைச் சோதித்தது புடவை.

அதைச் சொல்வதற்கு முன்னால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் பள்ளி ஒன்றின் ஆபீஸில் இருபத்தொன்பது வருஷம் கிளார்க்காக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். ஆனால் ஸ்ரீரங்கத்தில் அவளைக் கிளார்க் என்று யாருக்கும் தெரியாது. மடிசார் கட்டிவிடுகிற ரஞ்சனி என்றால்தான் தெரியும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், ஒரு மண்டபத்தில் பெண்ணுக்கு ஒன்பது கஜம் கட்டிவிட வேண்டிய மாமி வராமல் போக, பெண்ணின் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாளாம். சாப்பிட வந்த இவள் எழுந்து போய்க் கட்டிவிட்டாள். அன்றிலிருந்து இவள் சாவகாசமாகச் சாப்பிட்ட கல்யாணமே கிடையாது. ஏழே நிமிஷத்தில் கட்டுவாள். ஓமத்தைச் சுற்றினாலும் அம்மி மிதித்தாலும் ஒரு மடிப்பு நழுவாது. தைத்து வாங்கிய மடிசாரைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மடிசாரில் ஒரு விஷயம் இருக்கிறது. ஐயர் வீட்டுக் கட்டு முறையில் தலைப்பு வலது தோளில் வரும். எங்கள் ஐயங்கார் முறையில் இடது தோளில். அக்காவுக்கு இரண்டும் அத்துப்படி. கேட்டவர்களுக்குக் கேட்ட பக்கம் கட்டிவிடுவாள். ஆனால் தன் விஷயம் என்று வந்துவிட்டால் இடது தோள்தான்.

தர்ஷினிக்குப் பார்த்த இடம் ஐயர் வீடு. எடமலைப்பட்டி புதூர். பையனும் பெண்ணும் ஒரே கம்பெனியில் வேலை, அவர்களாகவே முடிவு செய்துகொண்டது. நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி சுபலட்சுமி மாமி இட்லியைப் பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "எங்காத்துக்கு வரப் போற பொண்ணு. கூறைப் புடவையை எங்க கட்டாக் கட்டிண்டா நன்னா இருக்கும்."

அக்கா விடுவாளா? "தாலி ஏறற வரைக்கும் அவ எங்காத்துப் பொண்ணு. நானும் சரி, அவளும் சரி, மணையில இடது தோள்லதான் போட்டுண்டு நிப்போம். அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள். நூறு பேர் கேட்கச் சொன்னாள். சுபலட்சுமி மாமி சிரித்தபடி சாம்பார் கேட்டாள். அத்திம்பேர் சௌம்யநாராயணன் வழக்கம்போல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது புரிகிறதா, என் தலைவலி? பேஸ்மேக்கர் இருப்பது இடது பக்கம். பட்டுத் தலைப்பு விழுவதும் இடது பக்கம்.

வீட்டில் நைட்டியைப் போட்டுக்கொண்டு ஒருவாறு ஓட்டினோம். தர்ஷினிக்குக் கூறையை நான் கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு கட்டுத்தான். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்னால், "என் புடவையை ஒரு தடவை கட்டிப் பார்த்துடலாம்" என்றாள். அரக்குப் பட்டு, பெரிய ஜரிகைத் தலைப்பு. வேண்டாம் என்றேன். கேட்டால்தானே? கட்டிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் கூடத்தில் நடந்தாள். "ஒண்ணும் பண்ணலை பார்" என்றாள். மறுநாள் காலையில் அந்த மேட்டின் மேல் தோல் கன்றிச் சிவந்து வீங்கியிருந்தது.

காவிரிப் பாலத்தைத் தாண்டி டாக்டரிடம் ஓடினோம். அவர் விரலை வைக்காமல் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா உரசுச்சு இங்க?"

அக்கா சொன்னாள். மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இங்க தோல் மெல்லிசா இருக்கு. இது கிழிஞ்சா உள்ள கிருமி போயிடும். அப்புறம் எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு, இன்னொரு பக்கம் புதுசா வெக்க வேண்டி வரும். இன்னும் ரெண்டு மாசத்துக்கு அந்தத் தோள்ல எதையும் போடாதீங்க."

"வலது பக்கமே வெச்சிருக்கப்படாதோ டாக்டர்?"

"நீங்க வலது கைப் பழக்கம்னுதாம்மா இடது பக்கம் வெச்சோம்."

"ஐயரா ஐயங்காரான்னு அவர் கேக்கலை பாரு" என்றார் அத்திம்பேர், காரில். முப்பது வருஷத்தில் அவர் அடித்த முதல் ஜோக். யாரும் சிரிக்கவில்லை.

பாலம் வந்ததும் அக்கா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "கோமளா, நீயும் உங்காத்துக்காரருமா உக்காந்து தாரை வார்த்துக் குடுத்துடுங்கோ. நான் ரூம்ல இருந்துக்கறேன்."

"என்னக்கா உளர்றே? பெத்தவ நீ இருக்கே."

"நடக்கறதுதானே? எத்தனை கல்யாணத்துல சித்தி சித்தப்பா பண்ணிக் குடுக்கலை?"

"வலது தோள்ல போட்டுக்கோயேன்!"

"போட்டுண்டு அந்த சுபலட்சுமி முன்னாடி போய் நிக்கச் சொல்றயா? ஊரைக் கூட்டி வெச்சுண்டு அன்னிக்கு அவ்வளவு பேசிட்டு? இவளோட கட்டையே மாத்திட்டோம்னு அவா சிரிக்கறதுக்கா? அதுக்கு நான் ரூம்லயே கெடக்கேன்."

அத்திம்பேரைப் பார்த்தேன். "அவ இஷ்டம்" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது? தர்ஷினி அன்று ராத்திரி போனில் அழுதாள், கெஞ்சினாள், கத்தினாள். அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். கல்யாணம் நெருங்கிவிட்டது, ஆயிரம் வேலை. நானும் அப்போதைக்குச் சரி என்று தலையாட்டி வைத்தேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கல்யாணத்தன்று காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். அக்கா மணப்பெண் அறையில் பழைய நூல் புடவையை மேலுக்குச் சுற்றிக்கொண்டு, இடது தோள் பக்கம் துணி படாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் உடம்பு முடியவில்லை என்று சொல்லியாயிற்று. அதற்கும் ஆளுக்கு ஒரு கேள்வி.

மாலை மாற்றி ஊஞ்சலும் ஆயிற்று. "தாரை வார்க்கறவா மணைக்கு வரலாம்" என்று மைக்கில், கல்யாணம் பண்ணிவைக்கிற வாத்தியாரின் குரல் கேட்டது. தாரை வார்க்கிற வெள்ளிச் சொம்பு அந்த அறையில்தான் இருந்தது. எடுக்கப் போனேன். அக்கா நாற்காலியை நகர்த்திப் போட்டிருந்தாள். கதவை நாலு விரல் திறந்து வைத்து, அந்தச் சந்து வழியாக மணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பெண்ணின் கல்யாணத்தைக் கதவிடுக்கில் பார்க்கிறாள்!

என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தாரையை விட்டு விட்டு விடாதே. ஒரே சீரா விழணும். சொம்பை ரொம்பச் சாய்க்காதே" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. முப்பது நாள் சேர்த்து வைத்தது. சொம்பைத் தரையில் வைத்தேன்.

"நான் வார்க்கப் போறதில்லை."

"என்னடி இது? வாத்தியார் கூப்பிடறார்."

"கூப்பிடட்டும். என்னால முடியாது. உன் பொண்ணை நீ தாரை வார்த்துக் குடு. இல்லேன்னா மணை காலியாவே கிடக்கட்டும். முப்பத்து நாலு அடிச்சிண்டிருந்த நெஞ்சை எதுக்கடி ஓட வெச்சா? இப்படிக் கதவுக்குப் பின்னால உக்காரவா? யாரோ சிரிப்பான்னு பெத்த பொண்ணை விட்டுட்டு நிக்கறயே, உனக்கு வெக்கமா இல்லை?"

என் அக்காவை நான் 'டி' போட்டுப் பேசியது வாழ்க்கையில் அன்றுதான். வாத்தியார் இரண்டாம் தடவை கூப்பிட்டார். இந்தத் தடவை குரலில் கொஞ்சம் அவசரம் தெரிந்தது.

அக்கா எழுந்தாள். "பட்டுப் புடவையை எடு" என்றாள்.

"எனக்கு வலது தோள் கட்டுத் தெரியாது. நீ சொல்லிக் குடுக்கலை."

புடவையை வலது கையால் வாங்கிப் பார்த்தாள். அவளால் இடது கையைத் தூக்கி எதையும் கட்டிக்கொள்ள முடியாது. மண்டபத்தில் அந்தக் கட்டைக் கட்டியிருந்தவர்கள் எல்லாரும் பிள்ளை வீட்டார். அது அவளுக்கும் தெரியும்.

"போய் அந்த சுபலட்சுமியைக் கூப்பிடு."

சுபலட்சுமி மாமி ஓடி வந்தாள். உள்ளே வந்ததும் கதவைத் தாளிட்டு விஷயத்தைச் சொன்னேன். மாமி சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்தது.

"ரஞ்சனி, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. எனக்குக் கட்டத் தெரியாது."

"கட்டிண்டிருக்கேளே?"

"தைச்சது. பெங்களூர்ல சொல்லி வாங்கினேன்." திரும்பி நின்று மடிப்பைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே ஜிப்பு, கொக்கி, ஒட்டுகிற பட்டை எல்லாம் இருந்தன. "எங்காத்துல யாருக்குமே தெரியாது. எல்லாரும் ஒரே கடையிலதான் வாங்கினோம். அன்னிக்கு ஏதோ பெருமைக்குச் சொல்லிட்டேன்."

அக்கா அந்த ஜிப்பைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஐந்து வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "ஐயோ, சிரிக்க வெக்காதீங்கோ, இழுக்கறது" என்று வலது கையால் நெஞ்சுப் பக்கம் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் பழைய ரஞ்சனி ஆகிவிட்டாள்.

"ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் நில்லுங்கோ. சொன்னதை மட்டும் பண்ணுங்கோ. மாமி, நீங்க முடிச்சைப் பிடிங்கோ. இறுக்கி! பல்லி வாலைப் பிடிக்கற மாதிரி நுனியைப் பிடிச்சா நிக்குமா? கோமளா, கொசுவம் பெரிசு பெரிசா எடு. கணக்கு டீச்சர்னு பேரு, ஒன்பது கஜத்தைப் பிரிக்கத் தெரியலை. இப்போ பின்னாடி வாங்கி இழு. அங்க இல்லை! இன்னும் கீழ."

நாங்கள் இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்துப் போனோம். ஒருத்தி முழங்காலில், ஒருத்தி குனிந்தபடி. ஒரு தடவை மொத்தமும் அவிழ்ந்து விழுந்தது. வெளியே வாத்தியார் மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தொண்டை காய்ந்திருக்கும். பதினோரு நிமிஷமாயிற்று. அரக்குப் பட்டின் தலைப்பு அக்காவின் வலது தோளில் வந்து விழுந்தது. இடது பக்கம் ரவிக்கை மட்டும், மேலே ஒன்றும் இல்லாமல் இருந்தது. கண்ணாடியைப் பார்க்க மாட்டேன் என்றாள்.

மணைக்குப் போகிற வழியில், முதல் வரிசையில் இருந்த அந்தச் சென்னைப் பெரியம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்னடி ரஞ்சனி, கட்சி மாறிட்டயா?"

நான் பல்லைக் கடித்தேன். அக்கா நிற்கவே இல்லை. "அந்தத் தோள்ல குடி வந்திருக்கா பெரியம்மா. காலி பண்ண முடியாது" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவளும்தான் சிரித்தாள்.

அதற்குள் விஷயம் தெரிந்து, என் வீட்டுக்காரரை எழுப்பிவிட்டு அத்திம்பேரே மணையில் உட்கார்ந்திருந்தார்; அவர் மடியில் தர்ஷினி. அம்மாவைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை எனக்குச் சொல்லத் தெரியாது. தேங்காயைப் பிடித்தபடியே எம்பிப் பார்த்தாள். "வந்துட்டியாம்மா?" என்றாள்.

"வராம? அப்பா தனியா என்ன பண்ணுவார்? நேரா உக்காரு, கூன் போடாதே."

நான் கொண்டுவந்த சொம்பை வலது கையில் எடுத்தாள். நாகஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. அத்திம்பேர் கையின் மேல், தர்ஷினி கையின் மேல், மாப்பிள்ளை கையின் மேல் தண்ணீர் விழ ஆரம்பித்தது. ஒரே சீராக, நூல் பிடித்த மாதிரி விழுந்தது. நடுவில் ஒரு சொட்டுக்கூடத் தடைப்படவில்லை. நான் வார்த்திருந்தால் நிச்சயம் கொட்டியிருப்பேன்.

அக்கா அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், கன்னம் இரண்டும் வழிய, மூக்கு சிவக்க அழுதாள். வலது கையில் சொம்பு. அதை இறக்க முடியாது. இடது கையைப் பாதி தூக்கினாள், முகம் சுளித்தாள், கீழே விட்டாள். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் கண் மறைத்தது. இவளை இன்னும் கொஞ்ச நாள் தாமதித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் இன்றைக்கு இந்தத் தண்ணீரை நான்தான் வார்த்திருப்பேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"கண்ணைத் துடைச்சு விடேண்டி" என்றாள் அக்கா, தாரையிலிருந்து பார்வையை எடுக்காமல். "பார்த்துண்டே நிக்கறயே."